ஈட்டியய்யா மியூசியத்துக்குப் போன வருஷம்

போன வாரம் பந்தல்குடி ரோட்டோரத்தில் ஒரு டீக்கடை ஷட்டருக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் லோடு ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு டீ சொன்னேன். டீ வந்தது. கூடவே தின்னர் வாடையும் வந்தது. ஒரு வாய்கூடக் குடிக்காமல் எழுந்துவிட்டேன். டீ நல்லா இல்லையா என்று கடைக்காரர் முகம் சுருங்கிக் கேட்டார். டீயில் ஒன்றும் குறையில்லை. மற்றவர்களுக்கு எனாமல் வாடை என்றால் புது வீடு, பொங்கல், வீட்டில் கல்யாணம் என்று நல்லதாக ஏதாவது ஞாபகம் வரும். எனக்கு வருவது ஒரு மியூசியம்.

சிரிக்காதீர்கள். எனக்கும் மியூசியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடம் என்னைக் கைவிட்டது. நான்தான் அதைக் கைவிட்டேன் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். பிறகு அருப்புக்கோட்டையில் ஒரு தறி செட்டில் கொஞ்ச நாள் இருந்தேன். அந்தச் சத்தத்தில் நான் அடிக்கும் கிண்டல் யார் காதிலும் விழவில்லை என்பதால் அங்கே ஒட்டவில்லை. அப்புறம்தான் பொருட்காட்சிக்குப் பலகை அடித்து மேடை போடும் ஒரு காண்ட்ராக்டரிடம் சேர்ந்தேன். இருபது வயது எனக்கு. அவருக்கு ஒரு பெரிய ஊர் மியூசியத்தில் வேலை கிடைத்தது.

எந்த ஊர், எந்த மியூசியம் என்று சொல்லமாட்டேன். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். சுவரின் கனமே எங்கள் வீட்டு அகலம் இருக்கும். அதற்கு வயது நூறைத் தாண்டி ஏதோ ஒரு விசேஷமான கணக்கில் வந்து நின்றது. அந்த வயதில் கேக் வெட்டினால் நன்றாக இருக்காது என்று வருஷம் பூராவும் சிறப்புக் கண்காட்சிகள் வைத்தார்கள். ஒரு மாதம் காசுகள், ஒரு மாதம் ஓலைச்சுவடி, ஒரு மாதம் செத்த பறவைகள். ஒவ்வொன்றுக்கும் நாங்கள் பழைய பலகையைப் பிரித்துப் புதுப் பலகை அடிக்க வேண்டும். உள்ளே போனாலே பாச்சை உருண்டை வாடையும் வௌவால் வாடையும் கலந்து அடிக்கும். அதில் நாங்கள் அறுத்த பிளைவுட் தூள் வேறு. பஞ்சடைத்த புலி ஒன்று இருந்தது. அதை இடம் மாற்றும்போது அதன் வாய்க்குள் கையை விட்டு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். புலியின் பல் ஒன்று ஆடியது. நான் கையை எடுத்த பிறகும் ஆடிக்கொண்டே இருந்தது. காண்ட்ராக்டர் என்னை வைத வசவை இங்கே எழுத முடியாது.

கற்சிலைகளுக்குப் பொறுப்பாக ஒரு மேடம் இருந்தார்கள். நல்ல மனுசி. மத்தியானம் எங்களோடு உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். வருஷக் கடைசியில் வரப்போகும் பெரிய கண்காட்சி ஊர்ப்புறத்துக் கற்களைப் பற்றியது. சண்டையில் செத்தவனுக்கு நட்ட கல், புருஷனோடு தீயில் விழுந்தவளுக்கு நட்ட கல் என்று ஊர் ஊராக வாங்கி வந்து மூன்று மாதம் வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பதாக ஏற்பாடு. "உங்க ஊர்ப் பக்கம் இந்த மாதிரி ஏதாவது பாத்திருக்கீங்களாப்பா?" என்று ஒரு நாள் எங்களைக் கேட்டார்கள்.

நான் போனை எடுத்து ஒரு போட்டோவைக் காட்டினேன். அதில் நான் எங்கள் ஊர்க் கல்சாமி ஈட்டியய்யாவின் தோளில் கைபோட்டுக்கொண்டு நிற்பேன். அவர் கண்ணில் என் கூலிங்கிளாஸ் இருக்கும். மேடம் என்னைப் பார்க்கவில்லை, கண்ணாடியையும் பார்க்கவில்லை. விரலால் படத்தைப் பெரிசாக்கி, அவர் காலுக்குக் கீழே எண்ணெய்ப் பிசுக்குக்குள் இருந்த கீறல்களைப் பார்த்தார்கள். சாப்பாட்டுக் கை காய்ந்துபோகும்வரை பார்த்தார்கள். அது எழுத்து, ஆயிரம் வருஷத்துக்குக் குறையாது என்றார்கள். நான் பிறந்ததிலிருந்து அதைக் கோழி கிளறியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு எனக்கு வந்த பவுசு இருக்கிறதே. பரீட்சையில் தோற்றவன், புலியின் பல்லை ஆட்டியவன், திடீரென்று மேடத்துக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வழி சொல்கிறேன்: அருப்புக்கோட்டையிலிருந்து எம்.ரெட்டியபட்டி, அங்கேயிருந்து ஷேர் ஆட்டோ, இறங்கி ஒரு நடை. அந்த நாற்காலிதான் எங்கள் குடியைக் கெடுத்தது.

ஈட்டியய்யா நின்ற இடத்தை உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் பின்னால் நடந்தது எதுவும் விளங்காது. தார் ரோட்டிலிருந்து இறங்கினால் மேலவீட்டு அய்யாவின் கரிசல் காடு. பருத்தி, கொத்தமல்லி, கம்பு என்று மழையைப் பார்த்துப் போடுவார். அந்தக் காட்டுக்குப் பின்னால் என் தாய்மாமா காளிமுத்துவுக்கு இரண்டு குறுக்கம். எங்கள் பக்கம் ஏக்கரைக் குறுக்கம் என்போம். எங்கள் தெருவில் எல்லாருடைய அப்பன்களும் மேலவீட்டில் கூலிக்கு நின்றவர்கள். அத்தனை பேரிலும் சொந்தமாக மண் வாங்கியவர் என் மாமா ஒருவர்தான். அத்தையின் காதில் கிடந்ததைக் கழற்றி வாங்கிய மண்.

ரோட்டிலிருந்து மாமாவின் நிலத்துக்கு ஒரு வண்டி போகும் அகலத்துக்கு ஒரு தடம் உண்டு. மேலவீட்டுக் காட்டின் நடுவே போகும். எந்தப் பத்திரத்திலும் அது கிடையாது. பாதி வழியில் ஈட்டியய்யா நின்றார். அவ்வளவுதான் அதற்குப் பத்திரம். சாமி நடக்கிற தடம் என்பதால் யாரும் அதை உழுவதில்லை. மேலவீட்டு டிராக்டர்கூட அந்த இடத்துக்கு வந்ததும் கலப்பையைத் தூக்கிக்கொண்டு கடந்து, அந்தப் பக்கம் போய்த்தான் இறக்கும். வெள்ளிக்கிழமை தவறாமல் மாமா அவருக்கு எண்ணெய் தேய்த்து விளக்கு வைப்பார். பிறகு தன் நிலத்துக்குப் போவார். சாமிக்கு மாமா காவலா, மாமாவுக்குச் சாமி காவலா என்று யாரும் யோசித்ததில்லை. நான் உட்பட.

நான் ஊருக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் மேலவீட்டு அய்யா அன்றைக்கே சம்மதம் சொல்லிவிட்டார். நம் ஊர்ச் சாமிக்குக் கண்ணாடி மாளிகை என்றால் பெருமைதானே என்றார். மாமா மட்டும் இரண்டு நாள் பிடிகொடுக்கவில்லை. என் அத்தை மாரியம்மாதான் அவரை இழுத்தாள். அய்யா ஊர் பார்க்கப் போகிறார், போய்விட்டு வரட்டுமே என்றாள். அவர் போகிற கோலத்தைப் பற்றித்தான் அவளுக்குக் கவலை. அழுக்கும் பிசுக்குமாக எப்படி டவுனுக்கு அனுப்புவது?

இந்தத் தப்பை உலகத்தில் வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். தெருப் பொம்பளைகள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து சீயக்காயும் தேங்காய் நாருமாக அவரைத் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். ஆயிரம் வருஷத்து எண்ணெயை ஒரே காலையில் எடுத்துவிட்டார்கள். பிறகு பந்தல்குடியில் லாரிக்குப் பெயர் எழுதும் பெயிண்டரை அழைத்து வந்தார்கள். முகத்துக்கு ரோஸ், மீசைக்குக் கறுப்பு, வேட்டிக்கு மஞ்சள், ஈட்டிக்கு சில்வர். எழுத்து என்று மேடம் சொன்ன கீறல்களை என்ன செய்வது என்று பெயிண்டர் கேட்டான். பளிச்சென்று தெரியட்டும் என்று அவற்றுக்குள் சிவப்பை ஊற்றச் சொன்னார்கள். நான் டின்னைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சும்மா நிற்கமாட்டேனே. டவுனுக்குப் போகிறவர், நேரம் பார்க்க வேண்டாமா என்று பெயிண்டரிடம் சொல்லி, இடது கையில் ஒரு வாட்ச் போடச் சொன்னேன். போட்டான். மணி பத்துப் பத்து. பொம்பளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

லாரி வந்த அன்று மேலவீட்டு அய்யா குடை பிடித்துக்கொண்டு வந்து நின்றார். ஒரு காகிதம் இருந்தது. அதில் கல்லைக் கொடுப்பவர் கையெழுத்துப் போட வேண்டும். மாமா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். நான்தான் தடுத்தேன். நிலம் மேலவீட்டுது, அவுக போட்டால்தான் ஆபீசில் மதிப்பு, நீங்கள் போட்டால் சாமி திருட்டுச் சாமியோ என்று சந்தேகப்படுவார்கள் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். மாமா பேனாவை மூடினார்.

கல்லைப் பெயர்த்து ஏற்றியானது. முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி. அப்போது மாமா எங்கிருந்தோ ஒரு கருங்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தார். அடுப்புக்கல்லைவிடக் கொஞ்சம் பெரிசு.

"சாமி எடத்த வெறுசா விடக்கூடாது மாப்ள. அவரு வார வரைக்கும் இத ஊண்டி வைப்போம். வெளக்கப் போட ஒரு எடம் வேணுமில்ல."

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"என்ன மாமா, ஈட்டியய்யாவுக்கு ஸ்டெப்னி மாட்டப் போறீகளா?"

லாரிக்காரன் சிரித்தான். லோடு ஏற்ற வந்தவர்கள் சிரித்தார்கள். எல்லாரையும்விட அதிகமாக மேலவீட்டு அய்யா சிரித்தார், குடை ஆடியது. அவர் தெரிந்து சிரித்தாரா, சும்மா சிரித்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சோலார் கம்பெனிக்காரர்கள் அதற்கு முன்பே ஒரு தடவை வந்து காட்டைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். மாமாவும் வெட்கப்பட்டுக்கொண்டு சிரித்தார். "போடா வெக்கங்கெட்டவனே" என்று சொல்லிவிட்டுக் கல்லைக் கீழே போட்டார். அது உருண்டு பருத்திச் செடிக்குள் போய் விழுந்தது. குழியை நாங்கள் மண் தள்ளி மூடினோம். நான்தான் மிதித்து மட்டமாக்கினேன்.

மியூசியத்தில் சாக்கைப் பிரித்ததும் மேடம் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்கள். "வாட்ச் யாரு போட்டது?" என்று மட்டும் கேட்டார்கள். லாரி பெயிண்டர் என்றேன். அது உண்மைதானே. பெயிண்டை எடுக்க மருந்து போட வேண்டும், கல் நோகாமல் எடுக்க மாதக்கணக்கில் ஆகும், கண்காட்சித் திறப்புக்கு வைக்க முடியாது என்றார்கள். அவரைப் பின்னால் ஒரு ரூமுக்குக் கொண்டுபோனார்கள். அந்த ரூமில் எப்போதும் தின்னர் வாடை அடித்துக்கொண்டிருக்கும்.

திறப்பு விழா முடிந்த மறுநாள் எங்கள் தெருவே ஒரு வேனில் வந்து இறங்கியது. புதுச் சேலை, புது வேட்டி, தேங்காய் பழம் எல்லாம் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். நான் அவர்களிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. ஹாலில் வரிசையாகக் கற்கள், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு லைட். நடுவில் நான் கையாலே அடித்த பீடம் ஒன்று வெறுமையாக இருந்தது. கீழே அட்டை: வீரன் கல், அருப்புக்கோட்டை வட்டாரம். லைட்டை மட்டும் யாரும் அணைக்கவில்லை. அத்தை அந்த வெளிச்சத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கொண்டுவந்த மல்லிகைச் சரத்தைப் பீடத்தின்மேல் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். காவலாளி ஓடிவந்து பூவை எடுக்கச் சொன்னார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். மாமா மட்டும் என்னை ஓரமாக அழைத்து, குளிப்பாட்டினதுதான் தப்பா என்று மெதுவாகக் கேட்டார்.

மூன்று மாதம் முடிந்தது. ஆண்டு விழாவை நீட்டினார்கள். கல்லின் வைத்தியமும் நீண்டது. எங்கள் காண்ட்ராக்டருக்கு அங்கே வேலை முடிந்து நாங்கள் வேறு ஊருக்குப் போனோம். மேடத்துக்கு மாற்றல் வந்தது. அந்தச் சித்திரையில் மேலவீட்டு அய்யா காட்டைச் சோலார் கம்பெனிக்கு விற்றுவிட்டார்.

அளக்க வந்த அன்று நான் ஊரில்தான் இருந்தேன். சர்வேயர் காட்டின் நடுவே நேராகக் கல் ஊன்றிக்கொண்டே வந்தார். தடம் கிடந்த இடத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனதும் மாமா ஓடிப்போய் முன்னால் நின்றார். இது சாமி பாதை, இதில் வேலி போடக்கூடாது என்றார். சர்வேயர் நல்லவர்தான், நிறுத்திவிட்டுக் கேட்டார், சாமி எங்கே இருக்கிறது என்று.

மாமா சுற்றிப் பார்த்தார். நானும் பார்த்தேன். மழை பெய்து, பருத்திமார் பிடுங்கி, சாமி இல்லாத தடத்தின்மேலும் ஒரு தடவை உழவு ஓட்டியாகிவிட்டது. நான் அவ்வளவு நன்றாக மிதித்து மட்டமாக்கியிருந்தேன். அங்கேயா, இங்கேயா என்று எங்களுக்கே தெரியவில்லை.

மேலவீட்டு அய்யா கோபப்படவே இல்லை.

"ஏப்பா காளி, சாமி இருந்தா நான் இல்லேன்னா சொல்லப்போறேன்? காட்டு. காட்டு, நானே வேலிய ஒதுக்கிப் போடச் சொல்லுறேன்."

மாமா காட்டவில்லை. குனிந்து காலால் மண்ணைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். கருங்கல் கிடைக்கும் என்று தேடினாரோ என்னவோ. கரிசலில் கல் ஏது.

அடுத்த வாரம் நானும் மாமாவும் மியூசியத்துக்குப் போனோம். கல்லை வாங்கி வந்து, அது நின்ற இடம் என்று ஏதாவது ஒரு இடத்தில் நட்டுவிட்டால் போதும் என்பது எங்கள் எண்ணம். புது அதிகாரி மரியாதையாக உட்காரவைத்தார். காகிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, யார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாரோ அவர் எழுதிக் கேட்டால் உடனே தருகிறோம் என்றார். மாமா அந்தக் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஊருக்கு வந்து மேலவீட்டு வாசலில் போய் நின்றோம். எழுதிக் கொடுங்கள் அய்யா என்று மாமா கேட்டார். அவர் சாய்வு நாற்காலியில் இருந்தபடியே சொன்னார்:

"அவுக அங்க ஏசில நிம்மதியா இருக்காக. திரும்பக் கொண்டாந்து வெயில்ல நிறுத்தவா? அதுவும் யாரு எடத்துல நிறுத்துவ?"

வேலி வந்துவிட்டது. அந்த வருஷம் மாமா எருவை அத்தை தலையிலும் தன் தலையிலுமாகச் சுற்று வழியில், ஓடையைத் தாண்டிச் சுமந்தார். உழுவதற்கு டிராக்டர் உள்ளே வர வழியில்லை. மண்வெட்டியால் கொத்தி ஒரு குறுக்கத்தில் மல்லி விதைத்தார். மழை நன்றாகப் பெய்து ஓடை வெள்ளமானது. இருபது நாள் அந்தப் பக்கம் போக முடியவில்லை. போனபோது மல்லியைவிடக் களை உயரமாக இருந்தது. மறு வருஷம் சீமைக்கருவேலம் தலைகாட்டியது. வழியில்லாத நிலத்தை யார் வாங்குவார்கள்? வேலிக்காரர்கள்தான் வாங்குவார்கள். வாங்கினார்கள். இதற்கெல்லாம் நடுவில் ஒரு தடவையாவது, நீதானடா என்று என் முகத்தைப் பார்த்து மாமா சொல்லவில்லை. நானும் அவரிடம் எதையும் சொன்னதில்லை. எல்லாரிடமும் ஓயாமல் பேசுகிற வாய் இது.

நடுவில் ஒரு தரம் டிக்கெட் எடுத்து மியூசியத்துக்குள் போய் ஈட்டியய்யாவைப் பார்த்தேன். நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். மருந்தெல்லாம் போட்டுப் பழைய கருமைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் முகம் முன்னைவிட மழுங்கலாக இருக்கிறது. மீசை எது, உதடு எது என்று சொல்ல முடியாது. அட்டையில் பெயர் தெரியாத வீரன் என்று எழுதியிருந்தார்கள். அவருக்குப் பெயர் இருந்தது என்று நான் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது?

டீயைக் குடிக்காமல் எழுந்தேன் என்றேனே, அன்றைக்கு நேராக வண்டியை எம்.ரெட்டியபட்டிப் பக்கம் விட்டேன். மாமா இப்போது அந்தச் சோலார் காட்டுக்குள்ளேதான் வேலை பார்க்கிறார். கரிசல் புழுதி படிந்தால் கரண்டு குறையுமாம். நீளக் கம்பில் ரப்பர் கட்டி, தண்ணீர் பீய்ச்சிக் கண்ணாடிகளைத் துடைக்க வேண்டும். கேட்டில் பெயர் எழுதிக்கொடுத்த பிறகு உள்ளே விட்டார்கள். நீலச் சட்டையும் தொப்பியுமாக மாமா வந்தார். சாப்டியா மாப்ள என்றார். அத்தைக்கு முழங்கால் வலி என்றார்.

கண்ணுக்கு எட்டிய வரைக்கும் ஒரே மாதிரிக் கண்ணாடி வரிசைகள். வரப்பு இல்லை, தடம் இல்லை, ஓடைக்கரைப் பனைகள்கூட இல்லை. மிஷினை விட்டு எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கியிருந்தார்கள். சும்மா இருக்க முடியாமல் நான் கேட்டேன், நம்ம ரெண்டு குறுக்கம் இதில் எது மாமா என்று.

அவர் கையை நெற்றிக்குக் கொடுத்துப் பார்த்தார். "அந்தா, அந்த வரிசதான்" என்றார். இரண்டு எட்டு நடந்தார். "இல்ல, அதுக்கு அடுத்ததோ." இன்னும் கொஞ்சம் நடந்து போய்ச் சூரியனைப் பார்த்தார், ரோடு இருக்கும் திசையைப் பார்த்தார். கண்ணாடி வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அங்கேயே நின்றார். பிறகு கம்பை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து துடைக்க ஆரம்பித்தார்.

"எல்லாத்தையுந்தான மாப்ள தொடைக்கேன்" என்றார். "அதுல நம்மளுதும் எங்கனயாச்சும் இருக்கும்."